பல்லில் பிடித்த நூல்

காலை ஒன்பது, இரவு ஒன்பது.
நடுவில் மிஞ்சுவதைத்தான் நாள் என்கிறேன்.

அட்டையைக் கிழித்தால்
வார்னிஷும் பழைய சாராயமும் கலந்த வாடை.
பக்கத்துப் போர்ஷனில் ஜன்னலைச் சாத்துகிறார்கள்
(இல்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது).

என் தொழில் புருவம்.
ஓட்டேரியில், பட்டாளம் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில்
பதினோரு வருடம்.
நூலின் ஒரு முனை பல்லில்,
மற்றது இரண்டு கை விரல்களில்.
எதை எடுப்பது, எதை விடுவது,
அவ்வளவுதான் முகம்.

கிட்னி எஸ்தர் அக்காவுடையது. இடது.
அதற்கு முன் நான்கு வருடம் பேச்சில்லை,
அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று.
யாராவது கட்டாயப்படுத்தினார்களா, கமிட்டியில் கேட்டார்கள்.
"அவ கேக்கவே இல்ல சார்,
அதான் வந்தேன்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம், இதற்கு ஆறு.
எங்களுக்குச் சேர்ந்தது மூன்று.
மீதி மூன்றுக்கு இந்த மாத்திரை,
ஆயுசுக்கும்.

உடம்புக்கு அக்கா தெரியாது.
வேற்றாள் வந்ததாக
ஒரு வெள்ளணு இன்னொன்றைக் கூப்பிடும்,
அது பத்தைக் கூப்பிடும்.
மருந்து யாரையும் கொல்வதில்லையாம்,
கூப்பிடும் குரலை மட்டும் பொத்துகிறது.
டாக்டர் சொன்னபோது
அந்த நான்கு வருடம் ஞாபகம் வந்தது.

நான்காம் மாதம் எனக்கு மீசை.
கன்னத்தில், நெற்றியில், காதோரத்தில்
யாரோ நட்டுவிட்டுப் போனதுபோல்.
ஈறு வீங்கிப் பல்லில் பாதியை மூடியது.
விரலில் நடுக்கம், டீ கிளாஸ் சாஸரில் தாளம் போடும்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் பத்மாசனி மேடம்
கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.
நூலைக் கடித்தேன்,
நூல் சிவந்தது.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே நின்றுகொண்டு
என் கை எனக்கே அசைந்து காட்டியது.
"பரவாயில்லம்மா" என்றார், காசும் கொடுத்தார்.
பிறகு அவர் வரவில்லை.

கேட்டால்தான் டாக்டர் சொல்வார், நான் கேட்டேன்.
பிரஷர் ஏறும். சர்க்கரை வரலாம்.
அக்கி வரும் (வந்தது, இடுப்பைச் சுற்றி, பங்குனி முழுக்க).
வெயிலில் தோலைப் பார்த்துக்கொள்,
மச்சம் நிறம் மாறினால் ஓடி வா.
சின்ன வயதில் எல்லாருக்கும் வந்து
உள்ளேயே தூங்கிப்போகும் கிருமி ஒன்று,
கேட்பார் இல்லாத வீட்டில்
வாடகைக்காரன் பட்டா வாங்குவதுபோல் எழுந்து
நெறிகட்டிப் புற்றாகலாம். அபூர்வம்தான்.
அப்புறம்,
குரலைத் தாழ்த்தி,
எதைக் காப்பாற்றத் தருகிறோமோ
அந்தக் கிட்னியையே
மெல்ல மெல்ல இது தேய்க்கும்.

சிரித்துவிட்டேன். ஈறு வலித்தது.

பம்ப்ளிமாஸ் தொடக்கூடாது,
ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடும்.
தெரியாமல் கோயம்பேட்டிலிருந்து இரண்டு வாங்கி வந்தாள் அக்கா.
உரித்தவள் தானே தின்றாள்,
தோலை நான் முகர்ந்தேன்.

ரத்தம் எடுப்பது
அடுத்த வேளைக்குச் சற்று முன்னால்,
மருந்து மிகத் தாழ்ந்திருக்கும் நேரம்.
ஐப்பசி மழையில் பேசின் பிரிட்ஜ் அருகே பஸ் நின்றது,
முழங்கால் தண்ணீர்.
மணி எட்டு ஐம்பது. ஒன்பது. ஒன்பது இருபது.
மாத்திரை பையில்; ரத்தம் கொடுக்காமல் போடக்கூடாது.
முகக்கவசத்துக்குள் மூச்சு நனைய
வயிற்றில் வலப்பக்கம் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே யாரோ
கூப்பிட வாயெடுப்பதுபோல் இருந்தது.
அக்காவின் மிஸ்டு கால் மூன்று.

வேறு மருந்து மாற்றலாம் என்றார்கள்,
முடி குறையும், ஈறு இறங்கும்.
நடுக்கத்துக்கும் சர்க்கரைக்கும் உத்தரவாதமில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்,
யோசிக்க என்ன இருக்கிறதோ.

நூலால் எடுக்காதே, துளை வழியே கிருமி,
அதையும் சொல்லியிருந்தார்கள்.
ஞாயிறு பூசை முடிந்து வந்த எஸ்தர்
கையை டெட்டாலில் கழுவினாள்,
நூலைத் தன் பல்லில் கடித்தாள்.
தையற்காரி, நூல் தெரியும், முகம் தெரியாது.
மேலுதட்டில் தோலோடு பிடுங்கினாள்.

"வலிக்குதாடி?"

வாயில் நூலோடு கேட்டதால்
வேறேதோ கேட்டதுபோல் இருந்தது.
அதற்கும் ஆமாம் என்றேன்.