பத்தொன்பதாவது மரம்

கவயோன் தாண்டியதும் தார் முடிந்துவிடும்.
பிறகு என் மோட்டார்சைக்கிளும் கடவுளும்தான்.
பின்னால் மாம்செல் எடெலின்,
தலைநகரிலிருந்து வந்தவள்,
அவள் குறிப்பேட்டில் இதுவரை பதினெட்டு மரங்கள்.

பத்தொன்பதாவது
லமெர்சியின் சோளக்கொல்லை நடுவே நின்றது.
காவோசியே. பனை ஜாதி.
சுற்றியிருந்த காட்டையெல்லாம் வெட்டினவர்கள்
இதை மட்டும் ஏன் விட்டார்கள்?
கோடரி மழுங்கியிருக்கும், என்கிறாள் லமெர்சி.

சூறாவளி வந்த இரவு
அவள் வீட்டுத் தகரக்கூரை பறந்துபோய்
இதன் கழுத்தில் சிக்கிக்கொண்டதாம்.
மறுநாள் ஆள் ஏற்றி இறக்கி
அதே ஆணிகளால் அடித்துக்கொண்டாள்.
"அன்றிலிருந்து
இதனிடம் வாடகை கேட்பதில்லை."

மாம்செல் அண்ணாந்து பார்த்தாள்.
பேருந்து நிலையத்தில்
இறங்குகிறவர் முகத்தையெல்லாம் பார்ப்பாளே ஒருத்தி,
அப்படி.
உலகத்திலேயே இந்த மரம்
ஹெய்ட்டியின் தெற்கு வாலில் மட்டும்தான், என்றாள்.
"உலகத்தில் நானும் இங்கே மட்டும்தான்,"
என்றாள் லமெர்சி, சோளம் உதிர்த்தபடி.

விதை வேண்டும். பத்து போதும். காசு உண்டு.
மரத்தடியில் இருந்ததோ
உடைந்த ஓடுகளும் இரண்டு கல்லும்,
ஒன்று தட்டை, ஒன்று கைக்கடக்கம்.
பிள்ளைகளின் சமையலறை.
உள்ளே இருப்பது தேங்காய்தான்,
கட்டைவிரல் அளவுத் தேங்காய்.
அந்த வயதில் அதே விரலை
நானும் நசுக்கிக்கொண்டேன். நகம் இன்னும் கோணல்.
எத்தனை மரத்தைத் தின்றிருப்பேன்?
அன்று யாரும் எண்ணவில்லை.

கெர்வின்ஸ் என்றொரு பொடியன்
கால்சட்டைப் பையிலிருந்து ஏழு எடுத்தான்.
ஒன்றுக்கு இருபத்தைந்து கூர்த்.
ஆறைக் கொடுத்தான்,
பணத்தை இரண்டு தரம் எண்ணினான்,
ஏழாவதைக் கல்மேல் வைத்தான்.

மாம்செலின் கை பாதி எழுந்தது.

டக்.

பருப்பை இரண்டாகக் கடித்து
ஒரு பாதியை அவளிடம் நீட்டினான்
எச்சில் ஈரத்தோடு.

வாங்கினாள். மென்றாள்.
நெடுநேரம் மென்றாள்.
ருசி எப்படி என்று நான் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் பத்தொன்பது என்று எழுதி
உயரம், சுற்றளவு எல்லாம் குறித்து
ஓரத்தில் பொடியெழுத்தில் சேர்த்தாள்:
கூரை பிடிக்கும்.

திரும்பும்போது மழை.
என் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி
ஆறையும் அதற்குள் போட்டு
மடியில் அணைத்துக்கொண்டாள்.
வெறுந்தலையில் தண்ணீர் வழிய
ஒவ்வொரு பள்ளத்திலும் வேகம் குறைத்தேன்.

முளைக்குமா, என்று கேட்டேன்.

ரோட்டைப் பார், என்றாள்.