முறியாத இடைவெளி

ஒட்டுச்சீட்டின் அகலம் அறுபத்திரண்டு மில்லிமீற்றர்.
உயரம் நான்கு வரி.
ஆறு மொழிகளில் எதைக் கேட்டாலும்
அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

பரமட்டாவில் ஐந்தாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே
ரயில்கள் மேற்கே போகின்றன.
என் வேலை
வரிகள் எங்கே முறிகின்றன என்று பார்த்திருப்பது.

ஆங்கிலத்துக்கு ஓர் இடைவெளி போதும், இறங்கிவிடும்.
சீனம் எந்த எழுத்திலும் இறங்கும், ஆனால்
முற்றுப்புள்ளியை மட்டும் அடுத்த வரியின் வாசலில்
தனியே விடக் கூடாது;
விட்டால் வெய்லின் என் மேசைக்கே வந்துவிடுவாள்.
தாய்லாந்து எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது.
அதற்கென்று மென்பொருள் ஓர் அகராதியைச் சுமக்கிறது,
பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி
தட்டித் தட்டி வெட்டுகிறது.
சிலவேளை காய்.

தமிழுக்கென்ன, இடைவெளிதான் இருக்கிறதே என்றார்கள்.
ஒரு சொல்லைக் கொடுத்தேன்:
எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கிறதென்றால்.
பெட்டியைவிட நீளம்.
மென்பொருள் கத்தியை எடுத்தது.
‘கொ’வின் கொம்பு ஒரு வரியில்,
கால் அடுத்த வரியில்,
காலுக்குத் துணையாகப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்,
பெயர் தெரியாத ஆளுக்கு வரைந்த முகம் போல.

அதைத் திருத்தினோம்.
பிறகு ஒரு ‘ம்’ தனியாக வந்து
வரியின் தலையில் நின்றது.
மெய்யெழுத்து முதலில் வராது என்று எழுதிக் கொடுத்தேன்.
ஆதாரம் கேட்டார் டெரக்.
பழைய இலக்கணம், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு என்றேன்.
கோப்பில் இணைத்துவிடுங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை
வென்ட்வர்த்வில் மருந்துக்கடையிலிருந்து அழைப்பு.
(ஐந்து புள்ளி. அந்த ஊர்ப் பெயரில்தான்
எல்லாச் சோதனையையும் தொடங்குவேன்.)
கலிஸ்ரா அன்ரனிப்பிள்ளை, வயது முப்பத்தெட்டு,
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
காலை ஏழு மணிக்குப் போத்தலைக் கையில் எடுத்திருக்கிறா.
ஓர் எழுத்தும் உடையவில்லை. நான்கு வரியும் நேராக:

        காய்ச்சல் விட்டாலும்
        வைத்தியரைக் கேட்காமல்
        இந்த மாத்திரைகளை
        இடைநடுவில் நிறுத்த

ஐந்தாவது வரி
யாரும் அச்சடிக்காத இடத்தில் இருந்தது.
எங்கள் திரையில் எல்லாச் சோதனையும் பச்சை.

“வசனம் முடியேல்லை,” என்றா கலிஸ்ரா.
“வேணுமோ, வேண்டாமோ?
நீங்கள் சொல்லும்வரைக்கும்
இந்தக் குளிசையைக் கையில வச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.”

வேண்டாம், என்றேன். நிறுத்த வேண்டாம்.
ஒரே மூச்சில் சொன்னேன்,
நடுவில் மூச்சு வாங்கப் பயந்து.

ஆங்கிலம் தன் மறுப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறது.
நாங்கள் வாக்கியம் முழுவதையும் நடக்கவிட்டு
படலையில் வைத்து மறிக்கிறோம்.
அந்தப் படலைதான் பெட்டிக்கு வெளியே போயிற்று.

ஓசைக்காகச் சொல்லைப் பிளந்துவிட்டு
அதற்கு வகையுளி என்று பெயரும் வைத்தவர்கள்
எங்கள் புலவர்கள்.
அவர்களுக்கு அடுத்த அடி எப்போதும் இருந்தது.

‘நிறுத்த’வுக்கும் ‘வேண்டாம்’உக்கும் நடுவில்
ஓர் எழுத்து வைத்தேன். கண்ணுக்குத் தெரியாதது.
பார்த்தால் வெறும் இடைவெளி,
ஆனால் முறியச் சொன்னால் முறியாது.
ஓடவிட்டுப் பார்த்தேன்.
இரண்டு சொல்லும் கைகோத்துக்கொண்டு
ஐந்தாம் வரிக்குப் போய்
சேர்ந்தே காணாமல் போயின.
சீட்டில் மிஞ்சியது: இடைநடுவில்.

வெய்லின் சிரித்தாள். பிறகு நானும்.

கடைசியில் எழுத்தின் அளவைக் குறைத்தோம்.
மிஞ்சினால் கடை அச்சடிக்கக் கூடாது,
சிவப்பில் கத்த வேண்டும் என்று
ஒரு விதியும் சேர்த்தோம்.
இருட்டும் நேரம். மேற்கே போகும் ரயிலில்
அறிவிப்புப் பலகை ஓடிக்கொண்டிருந்தது, வென்ட்வர்த்வி
என்ற இடத்தில் ஒரு கணம் நின்று,
பிறகு ல்.

அடுத்த வாரம் கலிஸ்ரா மறுபடி அழைத்தா.
வசனம் இப்ப முழுசா இருக்காம்.
எழுத்துத்தான் சின்னனாப் போச்சாம்,
லைற்றுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருக்காம்.

பதிந்துகொண்டேன்.
நிலை: திறந்தது.
முன்னுரிமை: நடுத்தரம்.