ஒரு முழுக்கு மூத்தவள்

பவாடே,
உன்னைவிட ஒரே ஒரு முழுக்கு மூத்தவள் நான்.
நேற்று இதே படகின் விளிம்பில்
இதே முழங்கால் நடுக்கம்.

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்:
ஊர்ப் பெயரே நனைந்த செருப்பின் சத்தம்.
சிரி. சிரிப்பும் மூச்சுதான்.

காது வலித்தபின் மூக்கைப் பிடிக்காதே;
வலிக்கும் முன்பே பிடித்து, மெல்ல ஊது.
முகமூடிக்குள் நீர் புகும். புகட்டும்.
அழுதால் இன்னும் கொஞ்சம் உப்பு, அவ்வளவே.
அண்ணாந்து மூக்கால் ஊது, வடிந்துவிடும்.

மூச்சை மட்டும் சேமிக்காதே.
முந்தியில் முடிந்து வைத்தால்
ஏறும்போது கிழியும்.
விடு, வாங்கு, விடு.

இன்னொன்று:
கீழே கட்டைவிரலை உயர்த்தினால்
"பிரமாதம்" என்று பொருளில்லை,
"மேலே போகலாம்".
நேற்று எட்டு மீட்டரில்
ஒரு கிளிமீன் பவளத்தைக்
கறுக் கறுக்கென்று கடிப்பது கேட்டு
பூரித்துப்போய்க் காட்டிவிட்டேன்.
ழான்-நொயெல் கையைப் பிடித்து
மேலே கூட்டி வந்துவிட்டார்,
என் குமிழிகளை முந்தாமல்,
அத்தனை பொறுமையாக.

அந்த மீன் இன்னும் தின்றுகொண்டிருக்கும்.

பின்பக்கமாகச் சாய்வது மட்டும்
எனக்கும் பழகவில்லை.
மூன்று வரை எண்ணுகிறேன்.
இரண்டிலேயே விழுந்துவிடுவோமா?