கினிகத்தேனை வரைக்கும்

கிளினிக் நாளில் முதல் பஸ் நாலு பத்துக்கு.
மூன்றரைக்கு முழு மாத்திரை போட்டால்
ஹட்டனில் ஏறும்போது கை கம்பியைப் பிடிக்கும்,
இமை தன்னால் நிற்கும்,
கினிகத்தேனை வளைவுகளில்
வயிறு முறுக்கத் தொடங்கும்.
போடாமல் போனாலோ
வயிறு சமர்த்து.
கழுத்துதான் தலையைச் சுமக்க மாட்டேன் என்னும்.

ஆறு வருஷக் கணக்கு இது.
அரை மாத்திரை, இரண்டு கிரீம் கிராக்கர்,
மற்ற அரை நாவலப்பிட்டி தாண்டி.
கண்டி டாக்டர் கேட்டுவிட்டு
"அப்படியே செய்" என்றார்.
ஸ்டாண்ட் கக்கூஸுக்கு இருபது ரூபாய்
சட்டைப் பையில் தனியாக.

முன்பு த்ரீவீல் ஓட்டினேன்.
ஒரு பனிமூட்டத்தில் பாதை இரண்டாகியது.
இரண்டிலும் ஒரே லாரி.
ஒரு கண்ணை மூடினேன்,
ஒரு லாரி போய்விட்டது.
அன்றைக்கே சாவியைக் கொடுத்திருக்க வேண்டும்.
மூன்று மாதம் ஒற்றைக் கண்ணால் ஓட்டினேன்,
ஸ்கூல் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு.
இதை எமல்டாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஸ்டீராய்டில் முகம் உப்பியது.
"தேறிட்டியே சேவியர், என்னதான் சாப்பிடுற?"
லயத்தில் கேட்காத ஆளில்லை.
சீனி போடாத பிளேன்டீ.
என் பங்குச் சீனியெல்லாம் ரத்தத்துக்குப் போய்விட்டது.

போன ஆடி மழையில் காய்ச்சல், மூத்திர எரிவு.
தோட்டத்து டிஸ்பென்சரியில்
ஐந்து நாளைக்கு வெள்ளை வில்லை.
எமல்டா உறையைத் திருப்பி
எழுத்துக் கூட்டினாள்: சி... ப்... ரோ...
என் பர்ஸிலிருந்து அட்டையை உருவினாள்.
நர்ஸ் சிங்களத்தில் எழுதி
மகள் கீழே தமிழில் எழுதியது.
ஆகாதவை பதினொன்று.
இது நாலாவது.

"பதினெட்டு வருஷமா மருந்து கட்டுறேன்" என்றார் ஐயா.
நான் விளக்கப் போனேன்.
நாக்கு தடித்து, சொல் மூக்கால் வந்தது.
"காலையிலேயே ஊத்திட்டான்" என்றது வரிசை.
அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.
அட்டையை மேசையில் வைத்து
நாலாவது வரியில் விரலை வைத்தாள்.
எடுக்கவேயில்லை.
ஐயா கண்டிக்குப் போன் போட்டார்.
பேசப்பேச எழுந்து நின்றார்.
பிறகு வேறு நிறத்தில் கொடுத்தார்,
எங்கள் முகம் பார்க்காமல்.

இன்றைக்குக் கினிகத்தேனை வந்துவிட்டது.
வயிறு பரவாயில்லை.
இடது இமை பாதி.
வளைவில் எதிரே ஒரு லாரி,
இருட்டில் அதன் விளக்குகளை எண்ணுகிறேன்.
இரண்டு.
இரண்டேதான்.