மூன்றாம் மாடியில் ஓவசியர்

வாசலில் செருப்புக்குப் பக்கத்தில்
ஒரு வாளி மணல், சாம்பல் கலந்தது.
தீயணைக்க என்று நினைப்பார்கள்.
அது குளிக்க.

குருநகர்த் தொடர்மாடி.
லொறி ஓட்டுகிற தம்பி றெஜினோல்ட்
பரந்தனில் வாங்கி
சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவை:
ஒரு சேவல், இரண்டு பேடு.
பன்ரம் கோழி. வளர்ந்து முடிந்தும்
புறாவுக்கு அண்ணன் அளவுதான்.
கீழே விட்டால் கீரி, நாய், ஓட்டோ.
ஆக, உள்ளே.

சேவல் கையைப் பின்னால் கட்டியவன்போல்
ஹோலின் நீளத்தை அளந்து நடந்தது.
ஓவசியர் என்று கூப்பிட்டோம்.
பேடுகள் மிளகியும் கொட்டைப்பாக்கும்.

உள்ளே வளர்ப்பதென்றால்
மூக்குத்தான் முதல் வைத்தியர்.
காலையில் கூட்டுக்கு முன் குந்தி
கோழியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி
ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பேன்.
கண் கரித்தால் மரச்சீவலை மாற்றவேண்டும்.
நிற்கிற எனக்கு மணக்காதது
அவர்களுக்கு விடிய விடிய மணந்திருக்கும்.

கொழும்புத்துறை மரக்காலையில் கேட்டேன்,
"வேப்பஞ்சீவல் இருந்தால் தனியக் கட்டித் தாங்கோ."
"எதுக்கு அக்கா?"
"பேனுக்கு."
பொடியன் என் தலைமயிரைப் பார்த்தான்.

கிழக்கு ஜன்னல் அவர்களுடையது.
கண்ணாடியால் வடிந்த வெயில் காணாதென்று
கண்ணாடியைக் கழற்றி மீன்வலை அடித்தேன்.
காகம் வந்திருந்து
உள்ளே நடப்பதை விசாரிக்கும்.

ஆஸ்பத்திரி வீதி மருந்துக்கடையில்
பகல் முழுக்க ஊராரின் மாத்திரையை எண்ணிவிட்டு
வீட்டுக்கு வந்து கால் எண்ணுவேன்.
ஆறு. செதில் கிளம்பியிருந்தால் தேங்காயெண்ணெய்.
கொண்டை சிவப்பா, மங்கலா.
எச்சம் பச்சையா, வெள்ளை கலந்ததா.
(இதைச் சொல்லத் தொடங்கினால்
கடையில் கூடச் சாப்பிடுகிறவள்
கதிரையைத் திருப்பிக்கொள்வாள்.)

இரண்டாம் மாடி சவரிமுத்து அண்ணை
இரவில் கடல், பகலில் நித்திரை.
"விடியப்புறம் கூவட்டும் பிள்ளை,
நான் அப்ப தண்ணியில நிப்பன்.
பத்தரைக்கு என்னத்துக்குக் கூவுது?
உன்ர சேவலுக்கு மணிக்கூடு இல்லையோ?"
என்னிடம் பதில் இல்லை.
கறுப்புச் சீலை போர்த்துப் பார்த்தேன்.
ஓவசியர் சீலைக்குள்ளிருந்தும் கடமை செய்தார்.

பிறகொரு நாள் கதவுப்பிடியில்
ஒரு சொப்பிங் பை தொங்கியது.
உள்ளே கணவாய் ஓடு, கழுவிக் காயவிட்டது.
யார் என்று எழுதியிருக்கவில்லை.
மீன் மணம் எழுதியிருந்தது.
நான் அதை இடிக்கப் பஞ்சிப்பட்டு
குசினித் தட்டில் ஏற்றி வைத்தேன்.

மாரி. ஐந்து நாளாய் ஜன்னல் அடைப்பு.
ஆறாம் நாள் இரவு மிளகி
மூலையில் வாலைப் பதித்து
பென்குயின்போல நிமிர்ந்து நின்றாள்.
வயிற்றைத் தடவினேன். முட்டை, இறங்காமல்.
கரண்ட் இல்லை. தம்பி தம்புள்ளையில்.
தண்ணி சுடவைத்து, முழங்கையால் சூடு பார்த்து
பேசினில் அவளை இடுப்புவரை இறக்கினேன்.
எங்கே இருக்கிறோம் என்று தெரியாத நெஞ்சு
என் பெருவிரலில் அடித்தது.

நாலு மணியிருக்கும், கதவில் தட்டு.
கடலுக்குப் போகேலாத சவரிமுத்து அண்ணை,
நெற்றியில் ரோச் லைற்.
"சேவல் கூவேல்லை. அதான்."
வேறொன்றும் கேட்கவில்லை.
வெளிச்சத்தைப் பேசினுக்குள் பிடித்தபடி நின்றார்.
மூன்று முறை தண்ணி மாற்றினேன்.
ஓவசியர் கதிரைக்காலடியில்
எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

வந்தது.
ஓடில்லாமல், நனைந்த தோல்போல,
என் விரல் பட்ட இடம் குழிந்து.
மிளகி செட்டையை உதறி
இரண்டு பேரின் முகத்திலும் தண்ணி தெளித்தாள்.
அண்ணை முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இதைப் பொரிக்கேலாதோ?" என்றார்.
பிறகு குசினித் தட்டை நிமிர்ந்து பார்த்தார்.
அந்தப் பை அப்படியே இருந்தது.

அவர் போனதும் உரலை எடுத்தேன்.
இடித்த கணவாய் ஓடு
விடியும்போது என் புருவமெல்லாம் வெள்ளை.

பத்தரைக்கு ஓவசியர் கூவினார்.
கீழேயிருந்து தும்புத்தடியால்
கூரையில் இரண்டு இடி.