நான்குமாலுக்குள்

கிழக்கே, சார்பதிவாளர் ஆபீஸ் மதில்.
மேற்கே, தென்காசி போகும் ரோடு.
வடக்கே வாய்க்கால்; கோடையில் அதற்கு வாய் மட்டும்தான்.
தெற்கே, அண்ணன் தம்பி கேஸில் கிடக்கும் காலிமனை.
இந்த நான்குமாலுக்கு உட்பட்ட பழைய அரிசிமில் கிட்டங்கி
அம்பாசமுத்திரத்துக்கு
மே மாதம் மட்டும் நாடகக் கொட்டகை.

பகலில் நான் பத்திரம் எழுதுகிறவள்.
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி
படுதாவுக்குப் பின்னால் முக்காலி போட்டு
டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்து
மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பேன்.
தவிடு இன்னும் உத்தரத்தில் இருக்கிறது.
யாராவது உரக்க அழுதால் கொஞ்சம் உதிரும்.

இந்த வருஷம் ஐந்து ஞாயிறும் ஒரே நாடகம்:
கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட மூன்று பேர்,
ஒரு பெஞ்சு, விடியும் வரை.
தபாலாபீஸ் சொரிமுத்து, நர்ஸ் ஜெபக்கனி,
மூன்றாவது ஆள் வாரம் ஒருவர், லீவைப் பொறுத்து.

சேர் எல்லாம் பீர்மைதீனுடையது.
வாடகை கிடையாது. ஒரே ஒரு ஷரத்து:
"ஊருக்குள்ள கேதம் விழுந்தா தூக்கிட்டுப் போயிருவேன்.
கோவிக்கப்படாது."
வாய்மொழி ஒப்பந்தம். நான் எழுதவில்லை.

முதல் ஞாயிறு, ஜெபக்கனி சொல்கிறாள்:
"எங்க வீட்டுக்குக் கதவு கிடையாது அண்ணாச்சி.
வித்துட்டோம்."
கண் கலங்க வேண்டிய இடம்.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு,
லோடு லாரி ஏறியதும் இரும்புத் தட்டு அதிர்கிற மாதிரி.
எடைமேடை பிரம்மநாயகம்தான், வேறு யார்.
"அந்த ஆளுக்கு இனி டிக்கெட் குடுத்தா நான் வரமாட்டேன்"
என்று தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு முதல் டிக்கெட்டே அவர் எடுத்தார்.
அதே வரி, அதே சிரிப்பு.
வெளியே டீக்கிளாஸோடு என்னைப் பிடித்துக்கொண்டார்:
"ஏம்மா, கதவ வித்துட்டா தாப்பாள யாரு வச்சிருக்கா?
அதுவும் எடைக்குப் போயிருச்சா?"
நான் போய் ஜெபக்கனியிடம் சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் ஞாயிறு அந்த வரியைச் சொல்லிவிட்டு
முகத்தைத் திருப்பி அவருக்காகக் காத்திருந்தாள்.
சிரித்தார்.
அந்தச் சிரிப்பு தேய்கிற இடத்தில்
நோட்டிலேயே இல்லாத ஒன்றை வைத்தாள்:
"தாப்பா மட்டும் எங்கிட்ட இருக்கு."
தவிடு உதிர்ந்தது.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
சிரிப்பு. பிறகு தாப்பாள்.

நான்காம் ஞாயிறு, நாலு மணி.
பீர்மைதீனின் மினிலாரி பின்பக்கமாக வந்து நின்றது.
"கேதம்" என்றார். "நூத்தம்பதும் வேணும்."
யாரு?
"எடமேட."

ஜெபக்கனி கடிகாரத்தைப் பார்த்தாள்.
"டிக்கெட் எத்தனை போயிருக்கு?"
எண்பத்தாறு.
பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

சாக்கு விரித்து உட்கார்ந்தது சனம்.
தரையில் வரிசை ஏது, மூன்றாவது ஏது?
அந்த இடத்தில் ஒரு குழந்தை
வாயைத் திறந்தபடி தூங்கியது.
வித்துட்டோம் என்றாள்.
முகத்தைத் திருப்பினாள். நின்றாள்.
ஃபேன் சுற்றுகிறது. இன்னும் நிற்கிறாள்.
மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.
"தாப்பா... ஏட்டி, தாப்பா!"
பதற்றத்தில் என் குரல்
படுதாவைத் தாண்டிப் போய்விட்டது.
எண்பத்தாறு பேரும் சிரித்தார்கள்.
அவள் மறந்திருக்கவில்லை.
அந்தச் சிரிப்பு தேயும் வரை பொறுத்து
வரியைச் சொன்னாள்.

கடைசி ஞாயிறு சேர் திரும்பி வந்தது,
சிலதில் செவ்வந்தி இதழ் ஒட்டியிருக்க.
பீர்மைதீன் எண்ணினார். மறுபடி எண்ணினார்.
நூற்றைம்பத்தொன்று.
ஒன்று மட்டும் இரும்பு, பச்சை வயர் பின்னியது.
யார் வீட்டுச் சேர் என்று யாரும் கேட்கவில்லை.
"நாடகம் முடியட்டும், நானே கொண்டு விடுதேன்" என்றார்.

லேட்டாக வந்த ஒரு கண்டக்டர்
பையும் விசிலுமாக அதில் உட்கார்ந்தார்.
அவருக்குக் கதை தெரியாது.
வித்துட்டோம் என்றபோது
பாட்டிலைத் திறந்து அண்ணாந்து தண்ணீர் குடித்தார்.
ஜெபக்கனி
அவர் குடித்து முடிக்கிற வரை காத்திருந்தாள்.