எட்டாவது கட்டம்

டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்தாறு.
சலவை இயந்திரக் கடைக்கு அடியில்
நிலவறையில் எங்கள் மேசை.
தலைக்கு மேலே யாருடைய கம்பளியோ
விழுந்து விழுந்து சுற்றுகிறது.

மார்லிஸ் தாளை நீட்டினாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
மூன்று வாரம் யோசித்துக் கொண்டுவந்த நாயகி:
பெயர் இன்னும் வைக்கவில்லை,
உடம்பு நீளும்.

எவ்வளவு நீளும் என்றேன்.
வேண்டிய அளவு.
அப்படி ஓர் எண் கிடையாது என்றான் டெல்மர்,
துறைமுகத்தில் கோதுமைக்குக் கணக்கு எழுதுகிறவன்.

கட்டம் ஒன்றுக்கு ஆறடி.
கட்டம் ஒன்றுக்கு இரண்டு புள்ளி.
கையிருப்பு பதினான்கு, ஆக ஏழு கட்டம்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
மேலே வேண்டுமென்றால் அறிவில் குறை,
அல்லது அழகில் குறை.
அழகில் எடுத்துக்கோ என்றாள்,
காலை ஐந்து மணிக்கு யார் பார்க்கப் போகிறார்கள்.
அழகில் குறைத்தும் அரைக் கட்டம்கூடத் தேறவில்லை.

அப்புறம் பிடித்துக்கொண்டது சண்டை.
நீட்டிய கையில் அடிபட்டால்
வலியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஏழாம் கட்டத்தில் விழும் குத்துக்கும்
பக்கத்தில் விழும் குத்துக்கும்
ஒரே கனமா?
நீண்டால் மெலியுமா?
மெலிந்தால் கதவிடுக்கில் நுழையுமா?
நுழைந்தால் அது வேறு சக்தி,
அதற்குத் தனி விலை, என்றான் டெல்மர்.
கையிலே கடிகாரம் கட்டியிருந்தால்
அது என்ன ஆகும், என்றான் பாவ் வாங்.
அவன் நாயகன் நெருப்பு.
கையை வீசுவான், எரியும்.
நெருப்பை முழம் போட்டு அளந்தவர் யார்?

நான் பகலில் லிஃப்ட் சோதிக்கிறவன்.
எஃகு வடமும் நீளும்.
ஆள் ஏறினால் ஒரு மயிரிழை;
இறங்கினால் பழையபடி.
எங்கேயோ ஓர் இடம் இருக்கிறது,
அதைத் தாண்டினால்
அறுந்துவிடாது,
திரும்பி வராது. அவ்வளவுதான்.
அப்படிப்பட்ட வடத்தில்
மஞ்சள் சீட்டுக் கட்டிவிட்டு வருவேன்.

அதனால் விதிப்புத்தக ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
ஏழைத் தாண்டியும் நீட்டலாம்.
தாண்டும்போதெல்லாம் பகடை.
பகடை தவறினால்
ஒரு விரற்கடை நீளம் உள்ளே போகாது,
என்றைக்கும்.

மார்லிஸ் இரண்டு தடவை படித்தாள்.
அப்படியென்றால் ஆட்டம் முடியும்போது
ஒரு கை மற்றதைவிட நீளம்?
ஆகலாம்.
பேருந்துக் கதவை இழுக்கிற கை
இப்பவே அப்படித்தான் என்றாள்.

அன்றைக்கு வங்கி.
சுவரில் காற்றுக்குழாய்.
காலணிக் கயிற்றை உருவி
வரைபடத்தின் மேல் கையாக வைத்தாள்.
முதல் வளைவு. இரண்டாவது வளைவு.
திருகாணி கழன்ற இடத்தில் கயிறு மடங்கியது.
ஐந்து, ஆறு, ஏழு.
கயிறு தீர்ந்தது.
நான் பெட்டி வரைந்து வைத்திருந்தது எட்டில்.

நீட்டு, என்றாள் தனக்குத்தானே.
உருட்டினாள். நான்கு.
போதாது.
வலது கை என்ற வரிக்கு எதிரே
ஒரு விரற்கடை கூட்டி எழுதினாள்,
நல்ல கையெழுத்தில்,
வரவு வைப்பதுபோல.

ஆனாலும் கை போய்ச் சேர்ந்துவிட்டது இல்லையா?
சேர்ந்துவிட்டது.
கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டாதே,
எதைத் தொடுகிறோம் என்று எப்படித் தெரியும்,
என்றான் டெல்மர்.
நியாயமான கேள்வி.
புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

என் குறிப்பில் இருந்தது இரும்புப் பெட்டி.
பூட்டு, எண், குளிர்ச்சி.
மேலே இயந்திரம் நின்றது.
அந்த அமைதியில் என் வாயில் வந்தது வேறு:
சூடாக இருக்கிறது.

டெல்மர் பென்சிலைக் கீழே வைத்தான்.
பாவின் கை சிப்ஸ் பையிலேயே நின்றது.

உயிரா?
எனக்கே தெரியாது.
விரலை மூடிப் பார் என்றேன்.
மேசைமேல் மூடினாள்.
உன் சுண்டுவிரலை
அது பிடித்துக்கொள்கிறது என்றேன்.

நேரம் பதினொன்று ஐம்பது.
விடிந்தால் முப்பத்தொரு குழந்தைகளை
அவள் ஏற்ற வேண்டும்.
குனிந்து,
அடுத்த காலணியின் கயிற்றையும்
உருவத் தொடங்கினாள்.